மலையேறியதும் மூச்சு வாங்கும் பைக்: கார்புரேட்டரில் எதைத் தொடலாம், எதை விடலாம்

மேட்டுப்பாளையத்தில் கிளம்பும்போது வண்டி மணிபோல ஓடும். பர்லியாறு வரை ஒன்றும் தெரியாது. குன்னூரை நெருங்கும்போது, மூன்றாவது கியரில் ஏற வேண்டிய மேட்டுக்கு இரண்டாவது கியர் கேட்கும். ஊட்டி சேரிங் கிராஸ் நெரிசலில் ஆக்சிலரேட்டரை விட்டால் இரண்டு முறை விக்கிவிட்டு அணைந்துபோகும். உடனே யாராவது ஒருவர் ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிடுவார். அவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள்.

மலையில் வண்டி இழப்பது இரண்டு வகை. முதலாவது, காற்று மெலிந்ததால் போகும் சக்தி. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் 2200 மீட்டர் உயரத்தில், அதாவது ஊட்டியில், காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 80 சதவீதம்தான். 3500 மீட்டரில் இருக்கும் லடாக்கின் லே நகரில் 70 சதவீதம். கர்துங்லா போன்ற 5300 மீட்டர் கணவாய்களில் 60 சதவீதத்துக்கும் கீழே. என்ஜின் சக்தியும் கிட்டத்தட்ட அதே கணக்கில் இறங்கும். இதை எந்தத் திருகாலும் மீட்க முடியாது.

இரண்டாவது, பெட்ரோல் மிகுதியால் போகும் சக்தி. இதை மீட்கலாம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குக் காற்றின் எடை தெரியாது. தன் கழுத்து வழியாகக் காற்று ஓடும்போது உண்டாகும் உறிஞ்சல் மட்டுமே அதற்குத் தெரியும். காற்று 20 சதவீதம் மெலியும்போது பெட்ரோலும் 20 சதவீதம் குறைந்தால் கணக்கு சரியாக இருக்கும். ஆனால் உறிஞ்சலின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே பெட்ரோல் வருவதால், அது 10 அல்லது 11 சதவீதம்தான் குறைகிறது. மிச்சம் எல்லாம் உபரி. ஊட்டியில் கலவையில் சுமார் 12 சதவீதம் பெட்ரோல் கூடுதல், லேயில் 19, கர்துங்லாவில் 30. பட்டறைகளில் இதை ரிச் என்பார்கள், எதிர்ப்பக்கத்தை லீன் என்பார்கள். நான் கொழுத்த கலவை, மெலிந்த கலவை என்று எழுதுகிறேன்.

கீழே வரும் ஒவ்வோர் அறிகுறியிலும் முதல் வேலை, இந்த இரண்டில் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான். பிரிக்காமல் திருகுகிறவர்தான் ஊட்டியிலிருந்து இறங்கும்போது பிஸ்டனைக் கெடுத்துக்கொள்கிறார்.

வால்பாறை, கொல்லிமலை, ஏற்காடு போகிறவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டாம். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் கலவை 5 முதல் 8 சதவீதம்தான் கொழுக்கும். நல்ல நிலையில் உள்ள எந்த கார்புரேட்டரும் அதைத் தாங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திணறினால், ஏர் ஃபில்டரையும் கிளட்சையும் பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளுக்கும் இது தேவையில்லை. அவற்றில் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் இருக்கிறது. காற்றழுத்தத்தை அளந்து பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும்.

திருகுவதற்கு முன்

உங்களிடம் இருப்பது எந்த வகை கார்புரேட்டர் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆக்சிலரேட்டர் கேபிள் நேராக கார்புரேட்டரின் தலைக்குள் இறங்கினால் அது ஸ்லைடை, அதாவது காற்று வழியைத் திறந்து மூடும் உருளையை, நேரடியாகத் தூக்கும் வகை. யமஹா ஆர்எக்ஸ் 100, பழைய புல்லட் ஆகியவை இப்படி. கேபிள் பக்கவாட்டில் ஒரு சக்கரத்தைத் திருப்பினால், தலையில் அகன்ற மூடியும் அதற்குள் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வும் இருந்தால் அது சிவி வகை. இதில் ஸ்லைடைத் தூக்குவது என்ஜினின் உறிஞ்சல். கார்புரேட்டர் வைத்த கிளாசிக் 350, பல்சர் 220 ஆகியவை இந்த வகை.

சிவி வகை உயரத்துக்குத் தானே சரிசெய்துகொள்ளும் என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. என்ஜின் இழுக்கும் அளவுக்கு மேல் ஸ்லைடு எழாது என்பதால், திடீரென்று முறுக்கினாலும் வண்டி விக்காது. கலவை கொழுப்பது என்னவோ கொழுக்கத்தான் செய்கிறது. நாகரிகமாகக் கொழுக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது திருகின் திசை. நான் பார்த்த தவறுகளில் பாதி இங்கேதான் நடக்கிறது. ஐடில் கலவையைச் சரிசெய்யும் சின்னத் திருகுதான் கலவைத் திருகு. அது ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருப்பினால் காற்று கூடி, கலவை மெலியும். திருகு என்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடி, கலவை மேலும் கொழுக்கும். ஆக, மலையில் முதல் வகையை வெளியேயும் இரண்டாம் வகையை உள்ளேயும் திருப்ப வேண்டும். ஐடில் வேகத்தை, அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது என்ஜின் சுற்றும் வேகத்தை, கூட்டிக் குறைக்கும் பெரிய திருகு வேறு. அது ஸ்லைடையோ பக்கத்துச் சக்கரத்தையோ தாங்கி நிற்கும்.

வீட்டிலேயே, கிளம்புவதற்கு முதல் நாள், கலவைத் திருகை மெதுவாக உள்ளே திருப்பி எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எண்ணுங்கள். அழுத்தி இறுக்கக் கூடாது. முனை பித்தளை, மழுங்கிவிடும். எண்ணியதை ஒரு தாளில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டிவிட்டு, திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். இந்தத் தாள் இல்லாமல் மலையில் திருகுகிறவருக்குத் திரும்பி வர வழி தெரியாது.

பிறகு ஸ்பார்க் பிளக். கையில் புதிய பிளக் ஒன்று இருக்க வேண்டும். கறுத்துப்போன பிளக்கைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. புதியதைப் போட்டு, மேட்டில் சில கிலோமீட்டர் ஏறி, ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளட்சைப் பிடித்து என்ஜினை அணைத்து, ஓரமாக நிறுத்திக் கழற்றிப் பாருங்கள். வளைவில் இதைச் செய்யாதீர்கள். வெள்ளைப் பீங்கான் பகுதி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கார்புரேட்டரை விட்டுவிடலாம். உலர்ந்த கரி படிந்திருந்தால் கலவை கொழுத்திருக்கிறது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் மெலிந்திருக்கிறது. பளபளப்பாக ஈரக் கறுப்பாக இருந்தால் அது என்ஜின் ஆயில். ரிங்கையோ வால்வையோ கவனிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம் இப்போது சேர்ந்திருக்கிறது. பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஒரு பங்கு தூய பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று தேவை. 20 சதவீத எத்தனால் கலந்தால் ஏறக்குறைய 13.5 பங்கே போதும். அதாவது பழைய ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) அளவோடு ஓடும் வண்டி சமவெளியில் எட்டு சதவீதம் போல மெலிந்தே ஓடுகிறது. ஊட்டிக்குப் போனதும் உயரம் 12 சதவீதம் கொழுக்க வைக்கிறது. இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. முன்பு ஊட்டி போனால் அரைச் சுற்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இப்போது பிளக்கைப் பார்க்காமல் சொல்வதில்லை.

அறிகுறி: குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை

ஊட்டியில் டிசம்பர் மாதம். வண்டி இரவு முழுவதும் வெளியே நின்றிருக்கிறது. சோக்கை முழுதாக இழுத்து பத்து முறை உதைக்கிறீர்கள். முதல் இரண்டு உதையில் ஒரு முணுமுணுப்பு வருகிறது, அப்புறம் அதுவும் இல்லை. பெட்ரோல் வாடை மட்டும் மூக்கில் ஏறுகிறது.

குளிருக்குச் சோக் வேண்டும்தான். ஆனால் உயரமே ஏற்கெனவே பாதி சோக் போட்டு வைத்திருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். பிளக் நனைந்துவிட்டது, இனி உதைத்தால் மேலும் நனையும். சோக்கை விடுவித்து, டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கை மூடி, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு ஏழெட்டு முறை உதையுங்கள். நிறையக் காற்று போய் உள்ளே உலரும். அதிலும் கிளம்பாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்துச் சூடாக்கிப் போடுங்கள். மறுநாள் காலை சோக்கைப் பாதி மட்டும் இழுத்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் உதைத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் இதுவே போதும்.

செல்ஃப் ஸ்டார்ட்டரை மட்டும் நம்பியிருக்கும் வண்டியென்றால் வேறொரு காரணமும் உண்டு. குளிரில் பேட்டரி சோம்பிவிடும், ஆயில் கெட்டிப்படும். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் குற்றம் கார்புரேட்டருடையது அல்ல.

அறிகுறி: ஐடிலில் விக்கி அணைகிறது

கொண்டை ஊசி வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டு இரண்டாவது கியரில் திரும்பும்போது என்ஜின் அணைந்தால், சுமை ஏற்றிய வண்டி பின்னால் உருளத் தொடங்கும். அதனால் மற்றெல்லாவற்றையும் விட இதை முதலில் சரிசெய்யுங்கள்.

முதலில் கலவைத் திருகைத் தொடாதீர்கள். என்ஜின் நன்றாகச் சூடானதும் ஐடில் திருகைக் கால் சுற்று, அரைச் சுற்று ஏற்றிப் பாருங்கள். காற்று மெலிந்தால் ஐடில் வேகம் தானாகவே இறங்கும். அதைத் தூக்கிவிட்டாலே பல வண்டிகள் சரியாகிவிடுகின்றன. சரியான பிறகு வேறெதுவும் செய்யாதீர்கள்.

ஐடிலைத் தூக்கியும் அது சீராக நிற்காமல் கனத்த குரலில் தப்பித் தப்பி அடித்தால், புகைக்குழாயில் கரிவாடை வந்தால், அப்போது கலவைத் திருகு. கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் பத்து விநாடி காத்திருங்கள். காற்றுத் திருகென்றால் வெளியே, பெட்ரோல் திருகென்றால் உள்ளே. ஓரிடத்தில் ஐடில் தானே ஏறி, குரல் சீராகும். அதுதான் இடம். அதற்கும் அப்பால் திருப்பினால் மீண்டும் இறங்கத் தொடங்கும். அங்கிருந்து பின்வாங்கி அந்த உச்சத்தில் நிறுத்திவிட்டு, ஐடில் வேகத்தைப் பழைய அளவுக்குக் குறையுங்கள். ஊட்டிக்கு அரைச் சுற்றைத் தாண்டத் தேவை வருவது அபூர்வம். காற்றுத் திருகு மூன்று சுற்று வெளியே வந்த பிறகும் கலவை கொழுத்தே இருந்தால், ஒன்று ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் பெரிது, அல்லது கிண்ணத்தில் பெட்ரோல் அளவை நிறுத்தும் ஃப்ளோட்டின் மட்டம் அதிகம். இரண்டும் உயரம் செய்த வேலை அல்ல, சமவெளியிலேயே இருந்த குறை. மலை அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

அறிகுறி: பாதி முறுக்கில் கொழகொழப்பு, கறும்புகை, மைலேஜ் சரிவு

ஏற்றத்தில் நாம் பெரும்பாலும் இருக்கும் இடம் கால் முறுக்கிலிருந்து முக்கால் முறுக்கு வரை. இந்த எல்லையை ஆள்வது ஸ்லைடோடு எழும் ஊசி. எந்த இடத்தில் கோளாறு என்று உறுதியாகத் தெரிய, கைப்பிடியிலும் அதன் பக்கத்துக் கூட்டிலும் சின்ன டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். கால் முறுக்குக்குக் கீழே தகராறு என்றால் பைலட் ஜெட்டும் கலவைத் திருகும், நடுவில் என்றால் ஊசி, முக்காலுக்கு மேல் என்றால் மெயின் ஜெட். வேகத்தை வைத்தோ கியரை வைத்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. கை எவ்வளவு முறுக்கியிருக்கிறது என்பதுதான் கணக்கு.

நடுமுறுக்கில் கொழுத்திருக்கும் வண்டி தொண்டையில் தண்ணீர் வைத்துக் கொப்பளிப்பது போல ஒலிக்கும். டூ ஸ்ட்ரோக் வண்டியென்றால் ஒரு வெடிப்பு விட்டு ஒரு வெடிப்பு அடிக்கும். அது ஃபோர் ஸ்ட்ரோக் போலக் கேட்கும்.

ஊசியைத் தொடுவதற்கு முன் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நீலகிரியில் இது சம்பிரதாயம் போலத்தான். லடாக்கில் இதுவே பாதி நோய். மணாலி–லே வழியிலுள்ள சர்ச்சு, பாங் சாலைப் புழுதியில் ஒரே நாளில் ஃபில்டர் அடைத்துவிடும். அடைத்த ஃபில்டர், மெலிந்த காற்று, இரண்டும் ஒரே திசையில் கலவையைக் கொழுக்க வைக்கின்றன. ஓடையைக் கடக்கும்போது ஃபில்டர் பெட்டிக்குள் தண்ணீர் போயிருந்தாலும் இதே அறிகுறிதான். காகித ஃபில்டரைத் தட்டி உதறி, உள்ளிருந்து வெளியே ஊதிச் சுத்தம் செய்யுங்கள். ஃபில்டரையே கழற்றிவிட்டு ஓட்டினால் வண்டி துள்ளிப் போகும் என்று ஆலோசனை சொல்லும் நண்பர் எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். துள்ளும், உண்மைதான். அந்தப் புழுதியைத் தின்ற சிலிண்டர் ஊர் திரும்பியதும் ஆயில் குடிக்கத் தொடங்கும்.

ஃபில்டர் சுத்தம், ஆனாலும் கொப்பளிப்பு நிற்கவில்லையா? ஊசியின் தலையில் பள்ளங்கள் இருக்கும், பல வண்டிகளில் ஐந்து. கிளிப் எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்று மேலிருந்து எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினால் ஊசி ஒரு படி கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். மேலே ஏற்றினால் குறையும் என்பது பலருக்குத் தலைகீழாகத் தோன்றுவதால் இரண்டு முறை சொல்கிறேன்: கிளிப் மேலே, ஊசி கீழே, கலவை மெலியும். ஒரு பள்ளம் போதும். இரண்டு பள்ளம் தேவைப்படுகிறது என்றால் வேறு ஏதோ கோளாறு.

ஸ்லைடை மீண்டும் உள்ளே விடும்போது அதன் வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும், பக்கத்துப் பள்ளம் உள்ளே இருக்கும் சிறு முளையில் பொருந்த வேண்டும். பொருந்தாமல் மூடியை இறுக்கினால் ஆக்சிலரேட்டர் திறந்தபடியே மாட்டிக்கொள்ளும். மலைச் சாலையில் அதைவிடக் கெட்டது எதுவும் இல்லை. என்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் நாலைந்து முறை முறுக்கிவிட்டு, ஸ்லைடு டப்பென்று விழும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

சிவி வகையில் சில ஊசிகளுக்கு ஒரே ஒரு பள்ளம்தான். அவற்றில் ஊசிக்கு அடியில் வாஷர் இருந்தால் எடுக்கலாம், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். சாலையோரத்தில் டயஃப்ரமைக் கிழித்துக்கொண்டால் வண்டி லாரியில்தான் போகும்.

அறிகுறி: முழு முறுக்கில் இழுவை இல்லை

இங்கேதான் காற்றின் திருட்டையும் பெட்ரோலின் திருட்டையும் பிரிப்பது மிகவும் தேவை. எனக்குத் தெரிந்தவற்றில் நம்பகமான சோதனை பெட்ரோல் காக்தான். ஆள் நடமாட்டம் இல்லாத, நேரான ஏற்றத்தில் முழு முறுக்கில் போய்க்கொண்டே காக்கை மூடுங்கள். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் இறங்க இறங்கக் கலவை மெலியும். அணைவதற்குச் சற்று முன் வண்டி ஒரு கணம் உற்சாகமாக இழுத்தால், அதுவரை கொழுத்திருந்தது என்று பொருள். அந்த உற்சாகம் வரவே இல்லை, அப்படியே வாடி நின்றது என்றால் மெயின் ஜெட்டில் குற்றம் இல்லை. காக்கைத் திறக்க மறக்காதீர்கள். என்ஜின் உறிஞ்சலில் தானே திறந்து மூடும் வேக்குவம் காக் உள்ள வண்டியில் இந்தச் சோதனை நடக்காது.

ஊட்டி, கொடைக்கானலுக்கு மெயின் ஜெட் மாற்றுவது வீண் வேலை. முழு முறுக்கில் நீண்ட நேரம் ஓட அங்கே சாலையே கிடையாது. லடாக்கில் பத்துப் பதினைந்து நாள் இருக்கப்போகிறவருக்கு மட்டும் அது பயன்படும்.

அப்படி மாற்றுகிறவர் எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஜெட் எண்களில் இரண்டு முறைகள் உண்டு. கெய்ஹின் ஜெட்டுகளிலும் மிக்குனியின் வட்டத்தலை ஜெட்டுகளிலும் எண் துளையின் விட்டத்தைக் குறிக்கும். 100 என்றால் ஒரு மில்லிமீட்டர். மிக்குனியின் அறுகோணத் தலை ஜெட்டுகளில் எண் பெட்ரோல் பாயும் அளவைக் குறிக்கும். விட்டம் சிறிது குறைந்தாலே பரப்பு நிறையக் குறையும் என்பதால் இரண்டுக்கும் ஒரே கழித்தல் பொருந்தாது. சமவெளியில் 100 என்று வைத்துக்கொண்டால், விட்ட எண்ணில் ஊட்டிக்கு 95, லேக்கு 92 போல வரும். பாய்ச்சல் எண்ணில் ஊட்டிக்கு 90, லேக்கு 84 அல்லது 85. இது கணக்கு சொல்லும் எல்லை. எத்தனால் கலந்த பெட்ரோலில் நான் இதில் பாதி தூரம்தான் போவேன். துளையைக் கம்பியால் சுத்தம் செய்வதும், ஈயம் வைத்துச் சிறிதாக்குவதும், ரீமர் போட்டுப் பெரிதாக்குவதும் பட்டறைகளில் நடக்கின்றன. புதிய ஜெட்டின் விலையைப் பார்த்த பிறகு அதைச் செய்ய எந்தக் காரணமும் இல்லை.

எந்த உயரத்துக்கு அமைப்பது என்றும் ஒரு கேள்வி உண்டு. கணவாய்க்கு அல்ல, தங்கும் ஊருக்கு. கர்துங்லாவின் உச்சியில் நீங்கள் இருப்பது படம் எடுக்கும் நேரம்தான். லேக்குப் பொருத்தமாக அமைத்த வண்டி அங்கே பத்து சதவீதம் கொழுத்து ஓடும், ஆனால் ஏறிவிடும். கணவாய்க்குப் பொருத்தமாக அமைத்தால் மீதி நாள் முழுதும் மெலிந்து சூடேறும். அதே காரணத்தால், 2050 மீட்டரில் இருக்கும் மணாலியில் எதையும் மாற்றாதீர்கள். கேலாங் தாண்டி, தொல்லை தெரிந்த பிறகு மாற்றுங்கள். மேட்டுப்பாளையத்திலேயே முன்கூட்டித் திருகிவிட்டு ஏறுவதும் இதே தவறு. அடிவாரத்தின் வெயிலில், முழுச் சுமையோடு, மெலிந்த கலவையில் ஏறச் சொல்கிறீர்கள். என்ஜினுக்கு இதைவிடக் கொடிய தண்டனை இல்லை.

அறிகுறி: பிளக் நன்றாக இருக்கிறது, குரல் சுத்தம், ஆனாலும் ஏறவில்லை

அப்படியென்றால் வண்டி நலம். காற்று இல்லை, அவ்வளவுதான். 20 குதிரைத்திறன் வண்டி லேயில் 14 போலத்தான் தரும், அதில் பின்சீட்டில் ஆள், இருபுறமும் பை, முன்னால் பெட்ரோல் கேன். கார்புரேட்டரை மேலும் மெலிய வைத்தால் சக்தி கூடாது, சூடுதான் கூடும். கியரை ஒன்று குறைத்து என்ஜினைச் சுற்றவிடுங்கள், சுமையைக் குறையுங்கள். நீண்ட பயணமென்றால் முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் சக்கரத்தில்) ஒரு பல் குறைந்ததைப் போட்டுக்கொண்டு போகலாம். மலைக்குப் பிரீமியம் பெட்ரோல் நல்லது என்பதும் தவறு. உயரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவதால் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிக்கும்) ஆபத்தும் குறைகிறது. ஆக்டேன் கூடியது அங்கே பணவிரயம்.

அறிகுறி: நன்றாக ஓடிக்கொண்டே இருந்து திடீரென அணைகிறது, கொஞ்ச நேரம் கழித்துக் கிளம்புகிறது

டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போய், வண்டியும் கிளம்பிவிட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. மழைக்காக டேங்க் மேல் இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் உறையும் இதைச் செய்யும். ஏறும்போது மாறாக உள்ளிருந்து வெளியே புஸ்ஸென்று வருவது இயல்பு. சமவெளியில் மூடிய கேனும் அப்படித்தான் உப்பும். முகத்தைத் தள்ளி வைத்துத் திறங்கள்.

பனிமூட்டத்தில் ஒரே முறுக்கில் போகும்போது வலு குறைந்து விக்கி நின்று, ஐந்து நிமிடத்தில் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனால், கார்புரேட்டர் கழுத்தில் பனி உறைந்திருக்கலாம். பெட்ரோல் ஆவியாகும்போது அந்த இடம் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிடும். ஈரக்காற்று அங்கே உறையும். என்ஜின் சூடு மேலேறிக் கரைத்ததும் எல்லாம் சரியாகிவிடுவதால், மெக்கானிக்கிடம் காட்டும்போது ஒன்றும் இருக்காது. இதற்குத் திருக வேண்டாம், நின்று டீ குடித்தால் போதும்.

அறிகுறி: ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டுகிறது

சரிவில் சைடு ஸ்டாண்டில் நிறுத்தினீர்களா? நேராக நிறுத்துங்கள், நிற்கும். அப்படியும் சொட்டினால் ஃப்ளோட் ஊசியின் இருக்கையில் தூசி. கார்புரேட்டர் கிண்ணத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டுங்கள். பிறகு அடித் திருகைத் திறந்து கிண்ணத்தைக் காலி செய்து மூடுங்கள். என்ஜின் ஆறிய பிறகு மட்டும். இரவில் காக்கை மூடிவிட்டுத் தூங்குங்கள்.

அறிகுறி: இறங்கிய பிறகு படபட வெடிப்பு, சூடு, வெளுத்த பிளக்

மலையில் செய்தவற்றை மறந்துவிட்டு ஊருக்குள் ஓட்டுகிறீர்கள். ஆக்சிலரேட்டரை விடும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கிறது, மேட்டில் முறுக்கினால் என்ஜினுக்குள் சில்லறை குலுக்கும் சத்தம். மலையில் கொழுத்த கலவை பிளக்கைத்தான் கறுப்பாக்கும். சமவெளியில் மெலிந்த கலவை பிஸ்டனையே தின்னும்.

எனக்கே நடந்திருக்கிறது. பழைய 350 சிசி வண்டி ஒன்றில் ஊட்டியில் ஊசியை ஒரு பள்ளம் இறக்கிவிட்டு, கீழே வந்ததும் மாற்றலாம் என்று வைத்தேன். மழை பிடித்துக்கொண்டது, நேரே வீட்டுக்கு ஓடினேன். மூன்றாம் நாள் பைபாஸில் என்ஜின் இறுகி, பின்சக்கரம் கோடு போட்டு நின்றது. கிளட்சைப் பிடிக்கக் கை சமயத்தில் போனதால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். போரிங், புது பிஸ்டன், ஒரு மாதம் பஸ் பயணம்.

ஆகவே திருகைப் பழைய சுற்றுக்குக் கொண்டுவருவது இறக்கத்தின் அடியில் செய்யும் முதல் வேலை. ஊசியையோ ஜெட்டையோ மாற்றியிருந்தால் இறங்கத் தொடங்கும் முன்பே, மேலேயே திருப்பிவிடுங்கள். இறக்கத்தில் கொஞ்சம் கொழுத்து ஓடினால் ஒரு நஷ்டமும் இல்லை.

பழைய யெஸ்டி போலப் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக மூடி என்ஜின் பிரேக்கில் இறங்கும்போது, என்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, ஆயிலோ ஏறக்குறைய வருவதே இல்லை. அரை நிமிடத்துக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து ஒரு சின்ன முறுக்கு கொடுத்துவிட்டு இறங்குங்கள். பழைய யெஸ்டிக்காரர்கள் மலையிறங்கும்போது நடுநடுவே உறுமிக்கொண்டே வருவது இதற்காகத்தான்.

கீழே வந்து இருபது கிலோமீட்டர் ஓடியதும் பிளக்கை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பிஸ்கட் நிறம் திரும்பியிருந்தால் சீட்டுக்கு அடியில் ஒட்டிய தாளை அப்படியே விட்டு வையுங்கள். அதன் கீழே ஊட்டியில் எத்தனை சுற்றில் வண்டி நன்றாக ஓடியது என்பதையும் எழுதிவிடுங்கள், அடுத்த முறை ஏறும்போது தேவைப்படும்.